கதவோரம் நான்கு வரிசை: சென்னை சபாச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கச்சேரிகள் நடத்தும் சங்கீத சபாக்களின் மதிப்பிற்குரிய செயலாளர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

மார்கழி மாதக் கர்நாடக சங்கீத சீசனின் நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போவதற்கு முன் உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று இதை எழுதுகிறோம். சிறு பிள்ளைகளோடு கச்சேரிக்கு வருகிறவர்கள், வர நினைத்துக் கைவிட்டவர்கள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர்கள், சபா வாசலில் தொண்டர்களாக நிற்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து எழுதுவது. கேட்பது பெரிய காரியமில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த நிமிடமும், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், அரங்கை விட்டு வெளியே போக ஒரு வழி வேண்டும். மற்றதெல்லாம் அதை ஒட்டி வருவதுதான்.

பிள்ளைகள் விஷயத்தில் சபாக்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. டிக்கெட்டில் பொடி எழுத்தில் ஒரு தடை வரி போடுவது. அல்லது ஒருநாள் காலையில் பலூன் கட்டி, மாறுவேடப் போட்டி வைத்து, ‘குழந்தைகளுக்கான நிகழ்ச்சி’ என்று முடித்துக்கொள்வது. தடை போடுவதற்காவது ஒரு காரணம் இருக்கிறது. பலூன் எதற்கு என்பதுதான் புரியவில்லை. சங்கீதம் கேட்க வந்த பிள்ளைக்குச் சங்கீதத்தைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கிறது.

சத்தம்தான் பிரச்சினை என்பீர்கள். அந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று பார்த்தால் பாதி வழி தெரிந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளை திடீரென்று அழுவது குறைவு. முதலில் இருக்கையிலிருந்து வழுக்கி இறங்கும். அடுத்து முன்சீட்டின் முதுகை உதைக்கும். பிறகு தண்ணீர் கேட்கும். கேட்கும்போதே குரல் கொஞ்சம் ஏறியிருக்கும். இதற்கெல்லாம் இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அந்த அவகாசத்துக்குள் எழுந்து போய்விட்டால் அரங்கில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வரிசை நடுவில் மாட்டிக்கொண்ட அம்மா எட்டு ஜோடி முழங்கால்களைத் தாண்டியாக வேண்டும். பட்டுப்புடவைகள் ஒதுங்க வேண்டும், காலடியில் வைத்த பைகள் நகர வேண்டும், மேடையில் ஆலாபனை (தாளமும் சொல்லும் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) அப்போதுதான் தாரஸ்தாயிக்கு, அதாவது மேல் சுரங்களுக்கு, ஏறிக்கொண்டிருக்கும். அவர் எழுந்திருப்பதைத் தள்ளிப்போடுகிறார், ‘உஷ்’ என்கிறார், கைபேசியை எடுத்து நீட்டுகிறார். அழுகை வெடிப்பது அதற்கப்புறம்தான்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை இருக்கை பற்றியது. வெளிவாசல் கதவை ஒட்டிய கடைசி நான்கு வரிசைகளில், நடைபாதை ஓரமாக வரிசைக்கு நான்கு இருக்கைகள், மொத்தம் பதினாறு, பிள்ளைகளோடு வருவோருக்கு ஒதுக்குங்கள். பல அரங்குகளில் அவை விலை குறைந்த இடங்கள்தான். சபாவுக்குப் பெரிய நஷ்டம் வராது. கச்சேரி தொடங்கிப் பத்து நிமிடம்வரை யாரும் வராவிட்டால் மற்றவர்களுக்கு விட்டுவிடலாம். வெளியே போக எந்த நேரமும் அனுமதி, உள்ளே வர ஒரு உருப்படி (பாட்டு) முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மட்டும் என்று விதி வைத்தால் போதும். இரண்டுக்கும் ஒரே விதி வைப்பதால்தான் தகராறு வருகிறது. ‘பாட்டு முடியட்டும்’ என்று அழுகிற பிள்ளையை வாசலுக்கு உள்பக்கமாக நிறுத்தி வைப்பதில் யாருக்கு லாபம்?

கதவையும் கவனியுங்கள். கீலுக்கு எண்ணெய் விட்டு, உள்பக்கம் கனமான கறுப்புத் திரை ஒன்று தொங்கவிட்டு, கதவுக்கு நேர் எதிரே லாபியில் எரியும் குழல் விளக்கை மட்டும் அணைத்துவைத்தால், ஒருவர் போய்வருவதால் அரங்குக்குள் விழும் வெளிச்சமும் கிறீச்சொலியும் பெரும்பாலும் நின்றுவிடும். லாபியில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் உள்ளே நடப்பதைக் கேட்கவிட்டால், பிள்ளையோடு வெளியே வந்தவருக்குக் கச்சேரி முழுதும் போய்விட்டது என்ற வருத்தம் இருக்காது. அந்த வருத்தம்தான் அவரைச் சீட்டோடு கட்டிப்போடுகிறது.

இன்னொன்று, மடங்கும் இருக்கைகள். எழுந்தால் தானாக மேலே மடிந்துகொள்ளும் நாற்காலியில் எடை குறைந்த பிள்ளை பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தால் அடிப்பலகை அதையும் சேர்த்து மடித்துவிடும். முழங்கால் முகத்துக்கு வரும், விரல் இடுக்கில் சிக்கும், இறங்கும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம். பிள்ளை மடியில் ஏறிக்கொள்ளும். அரை மணியில் மடி மரத்துப்போகும். இதற்கு வாங்க வேண்டிய சாதனம் எதுவும் இல்லை. மேடைக்கு நேர் முன்பாக அல்லாமல் பக்கவாட்டில், தீயணைப்பு வழியை மறிக்காமல், இரண்டு பவானி ஜமக்காளம் விரித்துவிடுங்கள். தரையில் உட்கார்ந்து கச்சேரி கேட்பது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. தரையில் இருக்கும் பிள்ளை சாயலாம், படுக்கலாம், தூங்கியும் போகலாம். எதிலும் சத்தம் வராது.

எந்த நேரத்தில் உள்ளே இருப்பது என்பதுதான் அடுத்தது. இதில் உங்களைவிடப் பெற்றோர்களுக்குத்தான் விவரம் போதவில்லை. நிகழ்ச்சி நிரலில் அதைத் தரக்கூடியவர்கள் நீங்கள். சங்கீத மேதை அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் வகுத்துக் கொடுத்த கச்சேரி முறை, நினைத்துப் பார்த்தால், பிள்ளைகளுக்கு மிகவும் தோதானது. வர்ணத்தில் விறுவிறுப்பாகத் தொடங்கும், அடுத்தடுத்துச் சின்னக் கீர்த்தனைகள் வரும். இரண்டரை மணி நேரக் கச்சேரி என்றால் முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தை நான்கு வயதுப் பிள்ளை தாக்குப்பிடிக்கும். பிரதான ராகத்தின் ஆலாபனை, அதைத் தொடர்ந்து வயலின் வாசிப்பு, பிறகு விளம்பத்தில் (மெதுவான நடையில்) பெரிய கீர்த்தனை, நிரவல் (ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடுவது) என்று வரும் இடத்தில்தான் பிள்ளைகள் உடைந்துபோவார்கள். தாளமும் சொல்லும் இல்லாத இருபது நிமிடம் அவர்களுக்குக் கரையில்லாத நீர். அப்போது வெளியே போய்விட வேண்டும். திரும்பி வர வேண்டிய இடம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம்.

ஆம், பெரியவர்கள் காபிக்கு எழுந்து போகும் அதே தனி ஆவர்த்தனம். மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசி, வாசிப்பின் நீளம் படிப்படியாகக் குறைந்து, கடைசியில் இரண்டும் சேர்ந்து முடிப்புக் கட்டங்களான மோராவுக்கும் கோர்வைக்கும் போவதைப் பார்க்கும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் ‘சும்மா இரு’ என்று சொல்லத் தேவையே இருப்பதில்லை. கோர்வை மூன்று முறை வரும் என்று முன்கூட்டியே காதில் சொல்லிவைத்தால் விரல் விட்டு எண்ணும். பெரியவர்கள் எழுந்து போவதால் காலியாகும் இடங்களில் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் பிள்ளைகளை உட்காரவிடுங்கள். பக்கவாத்தியக்காரர்களுக்கும் காலி நாற்காலியைப் பார்த்து வாசிப்பதைவிட அது மேல். தனி முடிந்ததும் துக்கடாக்கள். ஐந்தைந்து நிமிடப் பாட்டுகள், மெட்டு உடனே பிடிபடும். அதிலிருந்து நிறைவுப் பாட்டான மங்களம்வரை பிள்ளைகளுக்குச் சிக்கலே இல்லை.

ஆக, ஒவ்வொரு கச்சேரிக்கும் எதிரே ‘தனி ஆவர்த்தனம் சுமார் 8.10 மணிக்கு’ என்று ஒரு வரி போட முடியுமா? கலைஞர்கள் நிமிடக் கணக்கில் கட்டுப்பட மாட்டார்கள் என்பது தெரியும். கால் மணி முன்பின் ஆனாலும் பரவாயில்லை.

அந்த 8.10 என்பதே ஒரு சங்கடம். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். மாலை ஆறரைக் கச்சேரி முடிந்து, ஆட்டோ பிடித்து, வீடு சேர்ந்து படுப்பதற்குள் பத்து மணி ஆகிவிடும். மறுநாள் பள்ளி இருந்தால் தீர்ந்தது. நடுப்பகல் கச்சேரி கைக்குழந்தைக்கு நல்லது, தோளில் தூங்கிவிடும். இரண்டு மூன்று வயதுக்கு அதுவே மோசம், தூக்கம் கலைந்த எரிச்சலோடு வந்து உட்காரும். எங்கள் கணக்கில் தோதான நேரம் காலைப் பத்து மணியும் மாலை நான்கு மணியும். தேதியில் இன்னும் கவனம் தேவை. அரையாண்டுத் தேர்வு பொதுவாக டிசம்பர் 23 வாக்கில்தான் முடிகிறது. அதற்கு முந்தைய நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை எதிர்பார்ப்பது வீண். கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 1 வரை விடுமுறை. கதவோர வரிசை இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் என்று தொடங்கினாலும் போதும்.

இளம் கலைஞர்களின் பிற்பகல் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம், கூட்டமும் குறைவு, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பாடுபவருக்குப் பதினெட்டு வயது என்றால் எட்டு வயதுப் பிள்ளை கண்ணெடுக்காமல் பார்க்கும். ஆனால் விளம்பரத்தில் மாலைக் கச்சேரிகளின் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. பிற்பகல் வரிசையைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

உள்ளே வந்த பிள்ளைக்கு என்ன வேலை கொடுப்பது? வண்ணம் தீட்டும் புத்தகம் தராதீர்கள். பென்சில் உருளும், தேட வேண்டியிருக்கும். தாளம் போடக் கற்றுக்கொடுங்கள். அஞ்சலட்டை அளவில் ஒரு அட்டை அச்சிட்டு, ஒருபக்கம் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கைப்படத்தோடு போடுங்கள்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஐந்து வயதுக்கு மேல் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். தொடையில் மெதுவாகத் தட்ட வேண்டும், கைப்பிடியில் தட்டக் கூடாது என்பதையும் எழுதுங்கள். (பக்கத்துச் சீட்டில் அரை எண்ணிக்கை தள்ளித் தாளம் போடும் பெரியவரைப் பார்த்தால் பிள்ளை குழம்பும். அவருக்கு ஏற்கெனவே அனுமதி இருக்கிறது, என்ன செய்வது.)

அட்டையின் மறுபக்கம் மேடையில் கவனிக்க வேண்டியவை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் (இடது முகம்) ரவைப் பசையை அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் கிள்ளி எடுப்பது. கல்லால் வலந்தலையின் (வலது முகத்தின்) விளிம்பைத் தட்டிச் சுருதி கூட்டுவது. கஞ்சிராக்காரர் தோலின் உட்புறம் தண்ணீர் தடவி நாதத்தை இறக்குவது. இதெல்லாம் பெரும்பாலும் திரை விலகுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. திரையைப் பத்து நிமிடம் முன்னதாகத் திறந்துவைத்து, விரும்பும் பிள்ளைகளை மேடைக்குப் பத்தடி தள்ளி நின்று பார்க்க விட்டால், ஒரு செலவும் இல்லாத பாடம் அது. கலைஞரின் சம்மதத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கச்சேரிக்குச் சற்று முன் யாராவது வந்து கேள்வி கேட்பது பலருக்குப் பிடிக்காது.

ஒலி அளவைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகள் கேட்கும் ஒலிக்கு வகுத்த அளவு 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். காதில் மாட்டிக் கேட்கும் கருவிகளுக்காகச் சொன்னது. ஆனாலும் காது அதே காதுதான். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 84 டெசிபலில் 5 மணி, 90 டெசிபலில் ஒன்றேகால் மணி. உங்கள் அரங்கில் என்ன அளவு என்று ஒருநாள் அளந்து பாருங்கள். கைபேசிச் செயலியே போதும், சில டெசிபல் முன்பின் காட்டினாலும் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். தனி ஆவர்த்தனத்தின்போது, மேடையின் இருபக்கப் பெரிய ஸ்பீக்கருக்கு நேராக, முன்வரிசை ஓரத்தில் நின்று அளக்க வேண்டும். கடைசி வரிசையிலும் அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

சத்தம் ஏன் ஏறுகிறது என்பது ஒலிப்பொறுப்பில் இருப்பவருக்குத் தெரியும். பாடுபவர் தன் குரல் தனக்குக் கேட்கவில்லை என்று மானிட்டரை (மேடையில் இருப்பவர்களுக்கான ஸ்பீக்கரை) கூட்டச் சொல்வார். வயலின்காரரும் சொல்வார். மிருதங்கக்காரர் மைக்கை இன்னும் அருகே இழுப்பார். மேடைச் சத்தம் ஏற ஏற வெளி ஸ்பீக்கரும் ஏறும். மூன்றாவது பாட்டுக்குள் எல்லாம் உச்சத்தில் இருக்கும், இறக்கச் சொல்ல ஆளிருக்காது. கூட்டுவதற்குப் பதில் எதையாவது குறைத்துக் கேளுங்கள் என்று கலைஞர்களிடம் சொல்லும் உரிமையை ஒலிப்பொறுப்பில் இருப்பவருக்குக் கொடுங்கள். ஒலிச் சோதனை கதவு திறப்பதற்கு முன் முடிந்தாக வேண்டும். மைக்கின் திடீர் ஊளைதான் கைக்குழந்தையை மிரட்டுவது. பெற்றோர்களுக்கு ஒன்று: சிறு பிள்ளைகளுக்குக் காதில் திணிக்கும் அடைப்பான் வேண்டாம், எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். காதை மூடும் கவசம்தான் சரி. தொடக்க விழாவில் வாசலில் நாகஸ்வரம் வாசிக்கும்போது தவிலுக்கு எதிரே கைக்குழந்தையோடு நிற்காதீர்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் நாகஸ்வரம் நன்றாகவே கேட்கும்.

கேன்டீன். சீசனுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் கச்சேரிக்கு வருகிறார்கள், எத்தனை பேர் கீரை வடைக்கு வருகிறார்கள் என்ற கேள்விக்குள் போகவில்லை. பிள்ளைகளுக்கு இரண்டே பண்டம் வேண்டும்: மிளகாய் படாத இட்லி, தாளிக்காத தயிர்சாதம், இரண்டும் அரைத்தட்டு. மாலை ஐந்தே முக்காலுக்குக் கூட்டம் நெருக்கும். ஐந்து மணிக்கே பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. பந்தியில் ஓடிவரும் சாம்பார் வாளி மூன்று வயதுப் பிள்ளையின் தலை உயரத்தில்தான் வருகிறது. சுவரோரம் ஒரு மேசையைப் பிள்ளைகளுக்கென்று வைத்து, அங்கே சூடானதைக் கிண்ணத்தில் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். வெளி உணவுக்குத் தடை இருந்தால் பிள்ளை உணவுக்கு விலக்கு வேண்டும். நிலக்கடலை, முழுக் கொண்டைக்கடலைச் சுண்டல் ஆகியவற்றை ஐந்து வயதுக்குக் கீழே கொடுக்காமலிருப்பது பெற்றோர் பொறுப்பு. இருட்டில் சிரிப்பும் மெல்லலும் சேர்ந்தால் புரையேறும்.

கழிப்பறைக்குப் பிள்ளையால் காத்திருக்க முடியாது. இரண்டு கச்சேரிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் அரங்கு முழுதும் அங்கேதான் நிற்கும். பிள்ளைகளுக்கு வரிசையில் முன்னுரிமை என்று கதவில் ஒட்டினால் போதும். துணி மாற்ற ஒரு பலகை, ஆண்கள் பக்கமும் ஒன்று. பால் கொடுக்க ஆறடிக்கு ஆறடி இடம், திரை, கைப்பிடியுள்ள நாற்காலி, மின்விசிறி. மழைநாளில் நனைந்த குடைகளை வாசலிலேயே வாங்கி வைக்க ஒரு தொட்டி வைத்தால் லாபிக் கல்தரையில் பிள்ளைகள் வழுக்கி விழுவது குறையும்.

வாகன நிறுத்தம் அதைவிட முக்கியம். பல சபாக்களில் கேன்டீன் வரிசை நிற்கும் முற்றத்திலேயே கார்கள் பின்னோக்கி வருகின்றன. ஓட்டுநருக்குப் பின்கண்ணாடியில் மூன்றடி உயரப் பிள்ளை தெரியாது. கயிறு கட்டி ஒரு நடைபாதை பிரித்துவிடுங்கள். வாசலில் தொண்டரிடம் ஒரு பேனா இருக்கட்டும். பிள்ளையின் மணிக்கட்டில் பெற்றோரின் கைபேசி எண்ணை எழுதிவிட்டால், தவறிப்போனால் ஒலிபெருக்கியில் கூவ வேண்டியதில்லை.

எங்கள் பக்கமிருந்து நாங்கள் ஒப்புக்கொள்பவை: அரங்குக்குள் பிள்ளை கையில் கைபேசி இருக்காது. பிளாஸ்டிக் உறையில் தின்பண்டம் வராது. தொண்டர் கைகாட்டினால் வாதாடாமல் எழுந்து வெளியே வந்துவிடுவோம். இதை மீறுகிறவரைக் கதவோர வரிசையில் மறுபடி விட வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் ஒத்துவராது என்று சொல்பவர்கள், மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி விடியலில் நடக்கும் பஜனையை ஒருநாள் பார்க்கலாம். தோளில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று, ஜால்ராவோடு முன்னால் ஓடுவது ஒன்று. லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் பிள்ளைகளே மைக் இல்லாமல் பாடும் கச்சேரிகள் நடக்கின்றன. அங்கெல்லாம் யாரும் கூடுதலாக எதுவும் செய்துவிடவில்லை. நகர இடமிருக்கிறது, அவ்வளவுதான். 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாகச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெயர் உங்கள் அழைப்பிதழ்களில் இருக்கிறதோ இல்லையோ, உங்கள் அரங்குகளால்தான் வந்தது.

எல்லாவற்றையும் இந்த வருடமே செய்ய முடியாது என்றால் வரிசை இதுதான்: முதலில் கதவோர இருக்கைகளும் கீல் எண்ணெயும், அடுத்து முற்றத்துக் கயிறு, பிறகு ஒலி அளவு. தாள அட்டையின் கைப்படங்களை வரைந்து தர எங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், அச்சுக்கூலி மட்டும் உங்களுடையது. கதவருகே நிற்கத் தொண்டர்கள் இல்லை என்றாலும் சொல்லுங்கள், கிறிஸ்துமஸ் வாரத்துக்கு ஆள் தருகிறோம். நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பக்கத்தில் ‘பிள்ளைகளோடு வருவோர் கவனத்துக்கு’ என்று எட்டு வரிக்கு இடம் ஒதுக்கி, எந்தத் தேதிக்குள் வாசகம் வேண்டும் என்று தெரிவித்தால் எழுதி அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
பிள்ளைகளோடு கச்சேரிக்கு வரும் ரசிகர்கள்
சென்னை